கர்னலியல்

பாயிரம்

நூல் எதைப் பற்றியது என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும் என்பது மரபு. இந்நூல் நுதலிய பொருள், விக்டோரியா மகாராணி ஆண்ட காலத்தில் பிரித்தானியப் படையில் அதிகாரியாக இருந்து பாராளுமன்றத்துக்குள் போனவர்கள். போகப் பார்த்து வாசற்படியில் தடுக்கி விழுந்தவர்களும் இதில் அடக்கம். எல்லை கூறுமிடத்து, வடக்கே அபர்டீன், தெற்கே பிரிட்டோரியா, கிழக்கே ஷாங்காய், மேற்கே சிலி நாட்டு வெடியுப்பு வயல்கள். கேட்டற்குரியார் யாரெனில், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு தூக்கம் வராதவர்கள். பயன் என்ன என்று கேட்பவர்கள் இத்துடன் எழுந்து போகலாம்.

பாம்பை வகைப்படுத்தியிருக்கிறார்கள், மாம்பழத்தை வகைப்படுத்தியிருக்கிறார்கள், சொல்லையே நாலு வகை என்று நம் முன்னோர் பிரித்து வைத்திருக்கிறார்கள். கர்னலை மட்டும் எவரும் கண்டுகொள்ளவில்லை. கேப்டன், மேஜர், ஜெனரல் யாவரும் இந்நூலில் கர்னல் என்றே கொள்ளப்படுவர். இது சாதியொருமை.

உரிச்சொல்

பிரித்தானியக் கீழவையில் உறுப்பினரைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கமில்லை. எல்லாரும் மாண்புமிகு. அந்நாளில் வழக்கறிஞராக இருந்தால் கூடவே கல்விமிகு என்று ஒன்று ஒட்டும். படைக்காரராக இருந்தால் வீரமிகு. இந்த 'வீரமிகு' குணத்தை உணர்த்தும் உரிச்சொல்லா, வெறும் இடம் நிரப்பும் அசைச்சொல்லா என்பது நெடுங்காலச் சிக்கல். அசைச்சொல்லே என்பது நம் துணிபு. துப்பாக்கி வெடித்த சத்தத்தை முயல் வேட்டையில் மட்டும் கேட்டவருக்கும் அந்த அடைமொழி தவறாமல் கிடைத்தது.

விலையியல்

இவ்வினம் விளையும் நிலம் எது? போர்க்களம் என்று அவசரப்பட்டுச் சொல்வார்கள். கடைத்தெரு என்பதே சரியான விடை.

அந்நாளில் பிரித்தானியக் காலாட்படையிலும் குதிரைப்படையிலும் அதிகாரிப் பதவி விலைக்கு விற்கப்பட்டது. பதவிக்கு அவர்கள் வைத்த பெயர் கமிஷன். நம் ஊர் நெல்மண்டித் தரகர் வாங்குவதும் கமிஷன்தான். சொல் ஒன்றே, பொருளும் வெகுதூரம் விலகிவிடவில்லை. விலைப்பட்டியலை அரசே வெளியிட்டது. சாதாரணக் காலாட்படையில் கடைசிப்படி அதிகாரியான என்சைனுக்கு 450 பவுண்டு, லெப்டினன்ட் கர்னலுக்கு 4,500. குதிரைப்படையில் கார்னெட் பதவி 840இல் தொடங்கி லெப்டினன்ட் கர்னல் பதவி 6,175 வரை போகும். அரண்மனைக் காவற் காலாட்படையில் அதே பதவி 9,000. இருக்கிற படியை விற்று, மேற்கொண்டு வித்தியாசத்தைக் கட்டி, அடுத்த படிக்கு ஏற வேண்டும். ஓய்வு பெறும்போது பதவியை விற்று வருகிற பணம்தான் ஓய்வூதியம். களத்தில் செத்துப்போனால் பெரும்பாலும் முதலுக்கே மோசம்.

பட்டியல் விலைக்கு மேல் வாங்குவது குற்றம் என்று சட்டம் சொன்னது. பட்டியல் விலைக்கு யாரும் விற்கவில்லை. பத்திரப்பதிவு அலுவலகத்தின் வழிகாட்டி மதிப்பைத் தெரிந்த தமிழ் வாசகருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

இனி, பாராளுமன்ற இருக்கை. 1858 வரை உறுப்பினராக வேண்டுமானால் சொத்து இருக்க வேண்டும். மாவட்டத் தொகுதிக்கு ஆண்டுக்கு 600 பவுண்டு வருமானம், நகரத் தொகுதிக்கு 300. உறுப்பினருக்குச் சம்பளம் கிடையாது. அது 1911இல்தான் வந்தது. 1872 வரை வாக்குச்சீட்டும் இல்லை. நிலக்கிழார் பார்த்துக்கொண்டிருக்க, குத்தகைக்காரர் வாய்விட்டு வாக்களிப்பார். வாக்குச்சாவடிச் செலவு வேட்பாளர் தலையில். வாக்காளரை வண்டியில் கூட்டிவரும் செலவும், கூட்டிவந்த வாக்காளரின் தாகசாந்தியும் அப்படியே. ஆக, வாளும் தொகுதியும் ஒரே கடைச் சரக்கு. ஒன்றை வாங்கப் போனவர் இன்னொன்றையும் கையோடு கட்டிக்கொண்டு வருவதில் வியப்பில்லை. படைவீரர் அரசியலுக்கு வந்தார் என்று வரலாறு எழுதுவோர் ஏதோ ஆற்றைக் கடந்ததுபோல் எழுதுகிறார்கள். அவர் அதே வீட்டில் கூடத்திலிருந்து திண்ணைக்கு வந்தார், அவ்வளவுதான்.

அஃதேல், காசு கொடுக்காத கர்னல் உலகத்தில் இல்லையா எனின், உண்டு. பீரங்கிப் படையிலும் பொறியாளர் படையிலும் பதவி விற்பனை இல்லை. அங்கே கணக்குத் தெரிய வேண்டும். கிழக்கிந்தியக் கம்பெனிப் படைகளிலும் பணிமூப்புதான் ஏணி. அந்த ஏணியில் ஏறியவர்களை ஸ்காட்லாந்துத் தொகுதிகளில் காணலாம். பம்பாய்ப் படையின் வில்லியம் ஹென்றி சைக்ஸ் தக்காணத்துப் பறவைகளுக்குப் பட்டியல் போட்டவர். ஒரு வானம்பாடிக்கும் ஒரு பக்கிக் குருவிக்கும் இன்றும் அவர் பெயர் இருக்கிறது. கம்பெனியின் தலைவராகவும் இருந்து, 1857 முதல் 1872இல் சாகும்வரை அபர்டீன் உறுப்பினர். மதராஸ் பீரங்கிப் படையின் ஜார்ஜ் பால்ஃபர் 1843இல் ஷாங்காயின் முதல் பிரித்தானியத் தூதராகி, பிற்பாடு கின்கார்டின்ஷயருக்காக 1872 முதல் இருபது ஆண்டுகள் உட்கார்ந்திருந்தார். எண்ணத் தெரிந்த கர்னல்கள் இவர்கள். அவையில் வரவுசெலவு விவாதம் வந்தால் பிறர் எழுந்து போவார்கள், இவர்கள் எழுந்து பேசுவார்கள்.

கடை மூடப்பட்ட கதையைச் சொல்லாமல் இந்த இயலை முடிக்க முடியாது. 1871இல் போர் அமைச்சர் எட்வர்ட் கார்ட்வெல் பதவி விற்பனையை ஒழிக்க மசோதா கொண்டுவந்தார். அவையிலிருந்த படைக்காரர்கள் பொங்கி எழுந்தார்கள். பத்திரிகைகள் அவர்களை மொத்தமாக 'கர்னல்கள்' என்றே குறித்தன. நம் சாதியொருமைக்கு இதுவே மேற்கோள். வாரக்கணக்கில் ஒவ்வொரு வரிக்கும் ஒரு திருத்தம், ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஒரு பேச்சு. ஒருவழியாகக் கீழவையைத் தாண்டியதும் பிரபுக்கள் சபை அதைக் கிடப்பில் போடப் பார்த்தது. பிரதமர் கிளாட்ஸ்டன் அப்போது செய்த காரியம் இலக்கணிகள் கைதட்ட வேண்டியது. அரச ஆணை அனுமதித்தால் ஒழியப் பதவி விற்பது குற்றம் என்று பழைய சட்டம் ஒன்று இருந்தது. விற்பனை முழுவதும் நடந்துகொண்டிருந்தது அந்த 'ஒழிய' என்ற ஒரு சொல்லின் நிழலில். கிளாட்ஸ்டன் மகாராணியிடம் சொல்லி ஆணையைத் திரும்பப் பெறவைத்தார். கடைக்குப் பூட்டு விழுந்தது. அதற்குப் பிறகு, கிடப்பில் கிடந்த அதே மசோதாவைப் பிரபுக்களே ஓடிவந்து நிறைவேற்ற வேண்டியதாயிற்று; விற்க முடியாமல் போன பதவிகளுக்கான நட்டஈடு அந்த மசோதாவுக்குள்தான் இருந்தது. சட்டத்துக்குப் புறம்பாகக் கொடுத்திருந்த கூடுதல் விலைக்கும் சேர்த்தே நட்டஈடு. குற்றம் செய்ததற்கு ரசீது காட்டிப் பணம் வாங்கியவர்கள் என்ற தனிப்பெருமை இவ்வினத்துக்கு உண்டு.

ஆகுபெயர்

'கார் அறுத்தான்' என்ற தொடரில் கார் என்பது கருநிறத்தைக் குறித்து, பிறகு மேகத்தை, பிறகு பருவத்தை, பிறகு அந்தப் பருவத்தில் விளைந்த நெல்லைக் குறித்தது என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். மும்மடி ஆகுபெயர். இதற்கு ஆங்கில உதாரணம் வேண்டுவோர் ஊட்டியில் சாயங்காலம் போர்த்திக்கொள்ளும், முன்பக்கம் பித்தான் வைத்த கம்பளிச் சட்டையைப் பார்க்கலாம். கார்டிகன் என்பது வேல்ஸ் நாட்டில் ஓர் ஊர். ஊர்ப்பெயர் ஒரு பிரபுப் பட்டத்துக்கு ஆகி, பட்டம் அதை வைத்திருந்த ஆளுக்கு ஆகி, ஆள் சட்டைக்கு ஆனார்.

அந்த ஆள் ஜேம்ஸ் பிரூடனல், ஏழாவது கார்டிகன் பிரபு. நம் பொருளுக்கு இவர் தலைகீழ் மாதிரி. மகாராணி வருமுன்பே, 1818 முதல் தொகுதி தொகுதியாகக் கீழவையில் இருந்துவிட்டு, அப்பா காலமானதும் 1837இல் தேர்தல் தொல்லையே இல்லாத பிரபுக்கள் சபைக்கு ஏறியவர். 1832இல் ஒரு கையால் வட நார்தாம்ப்டன்ஷயர் தொகுதியையும் மறு கையால் 15ஆம் ஹுசார் குதிரைப்படையின் தலைமையையும் வாங்கினார். தலைமைக்குப் பட்டியல் விலை 6,175 பவுண்டு என்று மேலே கண்டோம். இவர் கொடுத்தது 40,000 வரை இருக்கும் என்று பேச்சு. தன் கீழிருந்த கேப்டனோடு சண்டை போட்டு அந்தத் தலைமையை இரண்டே ஆண்டில் இழந்தார். பிறகு 11ஆம் குதிரைப்படை. அது இந்தியாவில் இருந்த படை. அதன் பழைய அதிகாரிகள் பலர் வெயிலில் வெந்து பணிமூப்பால் ஏறியவர்கள். பிரபுவுக்கு அவர்களைக் கண்டாலே ஆகாது. விருந்து மேசையில் ஒரு கேப்டன் மோசல் திராட்சை மதுவைக் கண்ணாடிக் குடுவைக்கு மாற்றாமல் கறுப்புப் புட்டியோடு வைத்தார் என்பதற்காக அவரைக் காவலில் வைத்தார். ஆறு மாதம் இங்கிலாந்து முழுக்க இதே பேச்சு.

1840 செப்டம்பரில் டக்கெட் என்ற முன்னாள் கேப்டனோடு துப்பாக்கி எடுத்து ஒற்றைக்கு ஒற்றை நின்று அவரைக் காயப்படுத்தினார். பிரபுவை விசாரிக்கப் பிரபுக்கள்தான் வர வேண்டும் என்பது அந்நாட்டு நியதி. ஆகவே 1841இல் மேலவையே நீதிமன்றமாகக் கூடியது. குற்றப்பத்திரிகையில் காயம்பட்டவர் பெயர் ஹார்வி கார்னெட் ஃபிப்ஸ் டக்கெட் என்று நீளமாக எழுதியிருந்தது. சுடப்பட்ட கேப்டன் டக்கெட்டும் இந்த நீளப் பெயர்க்காரரும் ஒருவரே என்று அரசுத் தரப்பு நிரூபிக்கவில்லை. விடுதலை. பெயரிலக்கணத்தால் தப்பிய குற்றவாளி வேறெவரும் நமக்குக் கிடைக்கவில்லை.

1854 அக்டோபர் 25 அன்று பாலக்லாவாவில் இலகுக் குதிரைப் படையின் தலைக்கு முன்னால் பீரங்கி வாய்க்குள் குதிரை விட்டவர் இவரே. துணிச்சலில் குறை சொல்ல முடியாது. கீறல் அதிகமின்றித் திரும்பி வந்து, துறைமுகத்தில் நின்ற சொந்தப் படகில் இரவைக் கழித்தார். பாலக்லாவா இன்று ஒரு கம்பளிக் குல்லாயின் பெயர், நேரடி இடவாகுபெயர். படைத்தலைவர் ராக்லான் பிரபுவின் பெயரால் சட்டைக்கை வெட்டு ஒன்று வழங்குகிறது. அவரும் ட்ரூரோ தொகுதியின் பழைய உறுப்பினர். வாட்டர்லூவில் வலக்கையை இழந்தவர் பெயரைச் சட்டைக்கைக்கு வைத்த தையற்காரர் யாரோ, அவரே நம் துறையின் முதலாசிரியர்.

போலி

'போலி' என்றதும் கள்ள நோட்டு நினைவுக்கு வந்தால் இலக்கணம் மறந்துவிட்டது என்று பொருள். ஓர் எழுத்திருந்த இடத்தில் வேறோர் எழுத்து வந்தும் பொருள் மாறாமல் நிற்பதே போலி. நிரந்தரப் படையில் கர்னல் ஆகாமல், ஊர்க்காவல் படையிலும் தன்னார்வப் படையிலும் கர்னல் ஆனவர்களை இங்கே வைக்கிறோம்.

கடைப்போலிக்கு உதாரணம் லிங்கன் நகரத்து சார்ல்ஸ் சிப்தார்ப். தீபகற்பப் போர்க்காலத்தில் குதிரைப்படையில் உண்மையாகவே இருந்தவர். 'கர்னல்' என்ற வால் மட்டும் லிங்கன் ஊர்க்காவல் படை கொடுத்தது. தொகுதி குடும்பச் சொத்து: இவருக்கு முன் அப்பா, அண்ணன்; பின் மகன். 1826இல் நுழைந்து, 1832இல் ஒருமுறை தோற்று, 1835 முதல் சாகும்வரை அகலவில்லை. ரயில் மசோதா எது வந்தாலும் எதிர்த்தார். 1840இல் மகாராணியின் மணமகன் ஆல்பர்ட்டுக்கு ஆண்டுக்கு 50,000 பவுண்டு என்று அரசு கேட்டபோது, 30,000 போதும் என்று திருத்தம் கொண்டுவந்து அதில் வென்றும் காட்டினார். அவர் உறுப்பினராக இருக்கும்வரை லிங்கன் பக்கம் மகாராணி தலைவைத்தும் படுக்க மாட்டார் என்று சொல்லிக்கொண்டார்கள். அடுத்து, அதே ஆல்பர்ட் முன்நின்று நடத்திய 1851 பெருங்கண்காட்சி. அந்நியர் வருவார்கள், திருடர் வருவார்கள், ஹைடு பார்க்கின் எல்ம் மரங்கள் போய்விடும் என்று ஓயாமல் முழங்கினார். கடைசியில் பெரிய எல்ம் மரங்களை உள்ளே நிற்க விட்டே அவற்றின் மேல் கண்ணாடி மாளிகையைக் கட்டினார்கள். அறுபது லட்சம் பேர் அதைப் பார்த்துப் போனார்கள். மரங்களைப் பொறுத்தவரை கர்னல்தான் வென்றார் என்று பதிவு செய்கிறோம். அவரை எள்ளி நகையாடிய பஞ்ச் பத்திரிகை இதைப் பதிவு செய்யத் தவறியது.

முற்றுப்போலிக்கு ஜான் தாமஸ் நார்த். லீட்ஸ் பக்கத்தில் எந்திரத் தொழில் பழகி, சிலிக்குப் போய், வெடியுப்பில் கோடீசுவரரானவர். தன்னார்வப் படை ஒன்று மரியாதைக் கர்னல் ஆக்கியது. 1895இல் மேற்கு லீட்ஸில் கிளாட்ஸ்டனின் மகனை எதிர்த்து நின்று, நூறுக்கும் குறைந்த வாக்குகளில் தோற்றார். வெடிமருந்துக்கு உப்பு வழங்கியவரை வீரமிகு என்று அழைக்கும் வாய்ப்பைக் கீழவை மயிரிழையில் தவறவிட்டது.

புணர்ச்சி

நிலைமொழியும் வருமொழியும் கூடும்போது தோன்றல், திரிதல், கெடுதல் என்று மூன்று விகாரம் நேரும். கர்னல்களின் திருமணங்கள் இம்மூன்றையும் வழுவாமல் பின்பற்றின.

தோன்றல்: ராபர்ட் லிண்ட்சே. ஆல்மா ஆற்றங்கரையில் படைக்கொடியைச் சாயவிடாமல் பிடித்து நின்று விக்டோரியா சிலுவை பெற்றவர். 1858இல் வங்கிப் பெருஞ்செல்வர் ஓவர்ஸ்டோன் பிரபுவின் மகள் ஹாரியட் லாய்டை மணந்தார். நிலைமொழிக்கு முன்னால் லாய்டு தோன்றி, லாய்டு லிண்ட்சே ஆனார். பின்னால் லாக்கிஞ்சு பண்ணை தோன்றியது. 1865 முதல் இருபது ஆண்டுகள் பெர்க்ஷயர் உறுப்பினர். பதவி விற்பனையை ஒழிக்கப் பொதுப்பணம் செலவழிக்கக் கூடாது என்று 1871இல் கர்னல்களின் முன்னணியில் எழுந்து தீர்மானம் கொண்டுவந்தவர் இவர். மேலே அவர்களைப் பார்த்துச் சிரித்தோம். இவரைப் பார்த்துச் சிரிக்க வாய் வரவில்லை. 1870இல் பிரஷ்யாவும் பிரான்சும் மோதியபோது காயம்பட்டோர் உதவிக்கு ஒரு சங்கம் அமைத்தார். பிரித்தானியச் செஞ்சிலுவைச் சங்கத்தின் மூலம் அதுதான். பிரஷ்யருக்கு 20,000 பவுண்டு, பிரெஞ்சுக்காரருக்கு 20,000 பவுண்டு என்று தானே எடுத்துக்கொண்டு நேரில் போனார். இரு பக்கமும் சமமாகக் கொடுத்த அரசியல்வாதி என்ற வகையில் நம் பகுப்பில் தனித்து உட்கார்ந்திருக்கிறார்.

கெடுதல்: 18ஆம் ஹுசாரில் அப்பா வாங்கிக் கொடுத்த பதவியில் தொடங்கிய கேப்டன் வில்லியம் ஓஷே. 1880இல் அயர்லாந்தின் கிளேர் தொகுதி உறுப்பினர். மனைவி கேத்தரின், ஐரிஷ் கட்சித் தலைவர் பார்னெலோடு வாழ்ந்துகொண்டிருந்தார். கேப்டனுக்கு அது எப்போது தெரியும் என்பது குறித்து உரையாசிரியர்கள் பலபடக் கூறுவர். 1886இல் கால்வே தொகுதியைக் கட்சிக்காரர்களின் கூச்சலையும் மீறிப் பார்னெல் அவருக்கு வாங்கிக் கொடுத்தார். அயர்லாந்துத் தன்னாட்சி மசோதா வாக்கெடுப்புக்கு வந்தபோது கேப்டன் வாக்களிக்கவில்லை. 1889 கடைசியில் மணவிலக்கு வழக்கு. 1890இல் தீர்ப்பு, அடுத்த மாதமே கட்சி இரண்டு துண்டு, மறு ஆண்டு அக்டோபரில் பார்னெல் மரணம். இலக்கணத்தில் கெடும் எழுத்து ஒன்றுதான். லிண்ட்சேயின் மனைவி பிற்காலத்தில் கணவர் வரலாற்றை நூலாக எழுதினார். ஓஷேயின் மனைவியும் ஒரு நூல் எழுதினார், பார்னெலைப் பற்றி.

திரிதலுக்கு உதாரணம் சொல்லப் போய்த்தான் இந்நூல் நொண்டத் தொடங்குகிறது. எலிசபெத் ஹாக்கின்ஸ் விட்செட் 1879இல் ஒரு கர்னலை மணந்து திருமதி பர்னபி ஆனார். பிறகு திருமதி மெயின், அதன் பிறகு திருமதி ஆப்ரி லே பிளாண்ட். பெயர் மூன்று முறை திரிந்தது. ஆல்ப்ஸ் மலைச் சிகரங்களில் ஏறி, பனியைப் படம்பிடித்து, 1907இல் பெண்கள் ஆல்பைன் கழகத்தின் முதல் தலைவரானார். அவருடைய முதல் கணவரை எந்த வகையில் வைப்பது?

வகைக்கு அடங்காதது

ஃபிரெட் பர்னபியைக் கட்டில் சட்டத்துக்குள் வைத்தாலும் கால் வெளியே நீளும். ஆறடி நாலங்குலம், படையிலேயே பலசாலி என்று பேர். குட்டிக் குதிரையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தார் என்று கதை. 1859இல் அரச குதிரைக் காவல் படையில் சேர்ந்தவர், அதாவது விலைக்கடைக்காரர். ஆனால் 1868இல் வேனிட்டி ஃபேர் பத்திரிகைக்கு முதல் போட்டுப் பெயரும் வைத்தார், அதாவது மைக்காரர். படையில் குளிர்கால விடுப்பு நீளமாகக் கிடைக்கும். மற்றவர்கள் நரி வேட்டைக்குப் போவார்கள். இவர் 1875 குளிர்காலத்தில், அந்நியர் வரக்கூடாது என்று ருஷ்யர் அடைத்து வைத்திருந்த மத்திய ஆசியாவுக்குள் பனியில் குதிரை விட்டுக் கீவா நகரம் போய்ச் சேர்ந்தார். தலைமைத் தளபதியின் தந்தி அவரைத் திரும்பக் கூப்பிட்டது. திரும்பி வந்து எழுதிய புத்தகம் அமோகமாக விற்றது. 1882 மார்ச்சில் டோவரிலிருந்து வாயு பலூனில் தனியாக ஏறி ஆங்கிலக் கால்வாயைத் தாண்டி நார்மண்டியில் இறங்கினார்.

பறப்பதற்கு முன்பே, கீவாவின் கீர்த்தியை மூட்டை கட்டிக்கொண்டு 1880இல் பர்மிங்ஹாமில் கன்சர்வேட்டிவ் வேட்பாளராக நின்றிருந்தார். மூன்று இருக்கை. பிலிப் மன்ட்ஸ், ஜான் பிரைட், ஜோசப் சேம்பர்லின் மூவரும் வென்றார்கள். பர்னபி நாலாவது. பதவி விற்பனை ஒழிந்து ஒன்பது ஆண்டு, வாக்குச்சீட்டு வந்து எட்டு ஆண்டு. நிலமும் பட்டமும் இருந்த இடத்தில் இனிமேல் பத்திரிகையில் அச்சான பெயர் நாணயமாகும் என்று முதலில் மோப்பம் பிடித்தவர் இவர். நாணயத்தின் மதிப்பு பர்மிங்ஹாமில் இன்னும் உயரவில்லை, அதுதான் சங்கடம். அடுத்த தேர்தலில் ராண்டால்ஃப் சர்ச்சிலோடு சேர்ந்து அங்கேயே மறுபடி நிற்பதாக ஏற்பாடு. அதற்குள் மறுபடி ஒரு குளிர்காலம் வந்தது. சூடானில் நடந்த சண்டைக்கு ஓடினார். 1885 ஜனவரி 17, அபு கிளியா. சதுரமாக நின்ற படைவகுப்பை விட்டு வெளியே வந்தவரின் தொண்டையில் ஈட்டி இறங்கியது. வயது 42. அவரைத் தேர்ந்தெடுக்காத பர்மிங்ஹாம், செயின்ட் பிலிப் தேவாலய வளாகத்தில் அவருக்கு உயரமாக ஒரு கல்தூண் நட்டது. கீவா என்றும் அபு கிளியா என்றும் அதில் பொறித்திருக்கிறது.

புறனடை

நூலில் சொல்லாமல் விட்டதைச் சொல்லிச் சமாளிப்பது புறனடை.

பர்னபியின் கூட்டாளியாக நிற்க இருந்த ராண்டால்ஃபின் மகன் வின்ஸ்டன், 1895இல் 4ஆம் ஹுசாரில் சேர்ந்து மறு ஆண்டு பெங்களூர் கண்டோன்மென்டுக்கு வந்தார். போலோ ஆடினார், ரோசாச் செடி வளர்த்தார், மத்தியான வெயிலில் வரலாற்று நூல்களாகப் படித்துத் தள்ளினார். சண்டை எங்கே நடந்தாலும் பத்திரிகைக்கு எழுதும் உரிமையோடு போய்ச் சேர்ந்தார். ஒவ்வொன்றும் ஒரு புத்தகமானது. 1899இல் பதவியை விட்டு ஓல்டாம் தொகுதியில் நின்று தோற்றார். தென்னாப்பிரிக்கப் போருக்கு மாதம் 250 பவுண்டில் மார்னிங் போஸ்ட் நிருபராகப் போய், போயர்களிடம் பிடிபட்டு, பிரிட்டோரியாவில் சுவரேறிக் குதித்துத் தப்பினார். பிடித்துக் கொடுத்தால் 25 பவுண்டு என்றார்கள். 1900 அக்டோபரில் அதே ஓல்டாம் அவரைத் தேர்ந்தெடுத்தது. பர்னபியின் நாணயம் இருபது ஆண்டில் செல்லுபடியாகிவிட்டது.

ஆயினும் இவரை இந்நூலில் சேர்க்கலாமா என்பதில் ஒரு தடை. தேர்ந்தெடுத்த கையோடு அவர் அவைக்குப் போகவில்லை. உறுப்பினருக்குத்தான் சம்பளம் இல்லையே, சொற்பொழிவு ஆற்றிப் பணம் சேர்க்க அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் கிளம்பிவிட்டார். அவர் வெளியூரில் இருக்கும்போதே, 1901 ஜனவரி 22 அன்று, மகாராணி காலமானார். பிப்ரவரியில் அவர் போய் உட்கார்ந்தபோது அரியணையில் எட்வர்ட். அதிகாரியானது விக்டோரியா காலம், தேர்ந்தெடுக்கப்பட்டது விக்டோரியா காலம், உட்கார்ந்தது வேறு காலம். காலவழு என்று தள்ளுவதா, வழுவமைதி என்று கொள்ளுவதா?

நம்மைவிடத் தெளிவான வகைப்பாட்டாளர் ஒருவர் இதற்கு முன்பே பெங்களூரில் இருந்திருக்கிறார். படை அதிகாரிகள் கூடும் கிளப்பின் கணக்கர். 1899ஆம் ஆண்டுப் பேரேட்டில் அவர் எழுதியது இன்னும் அங்கே பத்திரமாக இருக்கிறது. லெப்டினன்ட் டபிள்யூ. எல். எஸ். சர்ச்சில், பாக்கி 13 ரூபாய். இனம்: வசூலாகாதவை.